நல்லாத் தூங்குவாருங்க

அந்த வரிசையில் யாருக்கும் இருமல் கிடையாது. சந்தேகம் இருந்தால் எந்த வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டிக் கேட்டுப் பாருங்கள், தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள். வீட்டுக்கு வீடு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இந்த வீட்டில் கரண்டி விழுந்தால் அடுத்த வீட்டுக் குழந்தை தூக்கத்தில் சிணுங்கும். அத்தனையும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிற ஆண்களின் வீடுகள். விடிந்தால் அடைந்தால் நெஞ்சு கிழிய இருமுகிற ஆண்கள். அந்தச் சத்தம் மட்டும் யார் காதிலும் விழுந்ததே இல்லை. அப்படி ஒரு அதிசயமான வரிசை அது.

காரணம் இல்லாமல் இல்லை. கம்பெனி நர்ஸ் அவ்வப்போது வீடு வீடாக வந்து, "உங்க வீட்டுக்காரர் ராத்திரி இருமுறாரா?" என்று கேட்பாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்த ஆளைக் குழியிலிருந்து மேலே ஏற்றிவிடுவார்கள். மேல் வேலை என்றால் என்ன? முற்றம் கூட்டுவது, லாரி கழுவுவது. கூலி பாதிக்குப் பாதி. வீட்டையும் காலி பண்ண வேண்டும், ஏனென்றால் அந்த வீடுகள் குழியில் இறங்குகிறவனுக்கு மட்டும்தான். உன் நெஞ்சு கெட்டது எங்கள் குழியில்தான், இந்தா பிடி என்று கொடுக்க அந்தக் காலத்தில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. அதனால் நர்ஸின் தலை தெருமுனையில் தெரிந்ததும் முதல் வீட்டுக்காரி ரேடியோவைத் திருகுவாள். அதைக் கேட்டு அடுத்தவள் திருகுவாள். நர்ஸ் நடு வரிசைக்கு வருவதற்குள் கல்யாண வீடு தோற்றுப்போகும். அந்த இரைச்சலில் உள்ளே ஒருவன் குடல் வெளியே வர இருமினாலும் யாருக்குக் கேட்கும்?

ஆண்களிடம் வேறு வித்தை இருந்தது. அந்த வரிசை ஆண்களுக்கு மட்டும் செருப்பு வார் அடிக்கடி கழன்றுபோகும். நாலு படி ஏறினால் கழலும். மேட்டில் நடந்தால் கழலும். உடனே குனிந்து, நிதானமாக அதைச் சரி பண்ணுவார்கள். வாரில் ஒரு குறையும் இருக்காது. மூச்சு திரும்ப வருகிற வரைக்கும் குனிந்திருக்க ஒரு சாக்கு வேண்டுமே, அதற்குத்தான்.

துருத்திக்கும் அப்படித்தான் கழலும். துருத்தி என்பது கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். வருஷா வருஷம் நடக்கிற மருத்துவச் சோதனையில் குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்வார்கள் அல்லவா, அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லாமல் இருந்தது ஒரு காலம். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஊதுகிறான் பார் என்று சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் வைத்த பெயரே மறந்துபோயிற்று. மனிதருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. நெஞ்சு கெட்டுப்போன பிறகும் அந்தப் பெருமை கெடவில்லை, அதுதான் வினை.

அவருடைய பழைய ஊதலைக் காப்பாற்றிக் கொடுத்தவள் அவர் மனைவி. சோதனை நாளன்று விடிவதற்கு முன்னே எழுந்து வெந்நீர் வைப்பாள். ஆவி பிடிக்க வைப்பாள். குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டித் தட்டி, கட்டியிருக்கிற சளியையெல்லாம் கறுப்புக் கறுப்பாக வெளியே எடுப்பாள். பிறகு அசையவிடாமல் சாய்ந்து உட்காரவைத்து, சுடச்சுட டீ கொடுத்து, சவரம் பண்ணவைத்து அனுப்புவாள். மனிதர் மாப்பிள்ளை மாதிரிப் போய் ஊதிவிட்டு வருவார். அவர் இருமத் தொடங்கினால் அவளுடைய ஒரு கை தானாக ஜன்னலைச் சாத்தும், இன்னொரு கை ரேடியோவைத் திருகும். குடும்பம் நடத்துவது என்றால் அவளுக்கு அது.

ஓய்வு வயசு வரைக்கும் குழியில் இறங்கியவர்களைக் கம்பெனி அதே வீட்டில் இருக்கவிட்டது, துருத்தியையும் அப்படித்தான். ஆனால் அவர் வேலையை விட்டு நின்ற பிறகு நிலைமை தலைகீழாக மாறிப்போனது. நெஞ்சு கெட்ட சுரங்கத் தொழிலாளிகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை, வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆக்ஸிஜன் மெஷின் என்று புதிதாக ஒரு சட்டம் வந்தது. சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து சொன்னார். தொகை கிடக்கட்டும், அவள் காதில் விழுந்தது மெஷின் ஒன்றுதான். ஏனென்றால் துருத்தி படுத்து வெகு நாள் ஆகியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேஜையில் இரண்டு தலையணையைப் போட்டு, அதன்மேல் நெற்றியை வைத்துத்தான் தூங்குவார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி இருப்பார். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை அந்த மெஷினை மாட்டியபோது, மனிதர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்தக் குறட்டையை வீட்டில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அவருக்கு இஷ்டமே இல்லை. "நெஞ்சைப் படம் எடுக்கிறாங்கல்ல, அந்தப் படம் சொல்லட்டும். என் வாயால நான் முடியலன்னு சொல்ல மாட்டேன்" என்றார். சொல்ல வேண்டாம், வந்தால் போதும் என்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனாள்.

இங்கேதான் அவள் முதல் தப்பைப் பண்ணினாள். தப்பு என்று தெரிந்தா பண்ணினாள்? டாக்டர்கள் முன்னால் போகிற நாள், சோதனை நாள். விடிவதற்கு முன்னே எழுந்தாள். வெந்நீர், ஆவி, முதுகில் தட்டல், டீ, சவரம். ஒன்று விடவில்லை. தகுதி பார்க்கிற மருத்துவக் குழுவின் கட்டட வாசல் வரைக்கும் வாடகைக் கார் வைத்து, அவரை ஒரு அடி நடக்கவிடாமல் கொண்டுபோய் இறக்கினாள். கண்ணாடியைத் துடைத்து வைப்பது போல அவரைத் துடைத்து வைத்துக் கூட்டிப்போயிருக்கிறாள், பைத்தியக்காரி. வந்த நோயாளிகளிலேயே பளிச்சென்று இருந்தவர் துருத்திதான்.

ஊதச் சொன்ன பெண் சின்ன வயசு. "ஊதுங்க ஐயா, இன்னும், இன்னும், சூப்பர்" என்று கைதட்டினாள். சூப்பர் என்று ஒருவர் சொல்லிவிட்டால் துருத்தியைக் கேட்க வேண்டுமா? கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வர ஊதினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் பழைய நினைப்பில் ஒரு பெருமை வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கும்.

பிறகு டாக்டர் அறை. மூக்குக் கண்ணாடி போட்ட இளம் டாக்டர், கொஞ்சமும் கடுமை இல்லாதவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். நெஞ்சு முழுக்கக் கரித்தூள் படிந்திருப்பது தெரிகிறது, ஆனால் படம் மட்டும் போதாது, மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு, ஊதின அளவோ தகுதிக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது என்றார். அன்றாடக் காரியங்கள் எவ்வளவு தூரம் தடைப்படுகின்றன என்று தெரிந்தால் அதையும் சேர்த்துப் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார். சொல்லு, இப்போது சொல்லு என்று அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மாதிரிதான். மாடிப்படி ஏறுவீர்களா என்று துருத்தியைக் கேட்டார். ஏறுவேன் என்றார் துருத்தி. நிற்காமலா? செருப்பு வார் கழன்றால் மட்டும் நிற்பேன் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும், சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ராத்திரி எப்படித் தூங்குறாரு?"

துருத்தி அவளைப் பார்த்தார். பயமுறுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. நர்ஸ் வந்து நிற்கிற போதெல்லாம் உள் அறையிலிருந்து பார்ப்பாரே, அதே பார்வை. மேஜை, தலையணை, நெற்றியில் பதிந்த தழும்பு எல்லாம் அவள் தொண்டை வரைக்கும் வந்தன. ஆனால் வாய் அவளைக் கேட்டுக்கொண்டா பேசியது?

"நல்லாத் தூங்குவாருங்க" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவளுக்குத் திக்கென்றது. திரும்ப எடுக்கலாம், இல்லைங்க டாக்டர் என்று ஆரம்பிக்கலாம். அதற்குள் துருத்தி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பொய்யராக்க அவளுக்கு நா எழவில்லை. வெளியே வந்தார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அவர் உற்சாகமாக இருந்தார். அந்தப் பெண் சூப்பர் சூப்பர் என்றதை இரண்டு தடவை சொல்லிக்காட்டினார். இறங்குகிற இடத்தில் வார் கழன்றது. குனிந்தவர் நிமிர நேரமானது. நிமிர்ந்ததும் அவள் தோளைத் தட்டி, "என் மானத்தைக் காப்பாத்திட்ட" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

சில வாரம் கழித்து, தகுதி போதவில்லை என்று பதில் வந்தது. துருத்தி, நான்தான் அப்போதே சொன்னேனே என்றார். அவள் தலையணை உறையை மாற்றினாள். அன்றிலிருந்து அவர் மேஜையில் கவிழ்ந்து படுக்கும்போதெல்லாம் அந்த இரண்டு சொல் அவள் காதில் கேட்டது. நல்லாத் தூங்குவாருங்க. எப்படித்தான் அப்படி ஒரு பொய் தேன் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்ததோ.

கடைசியில் ஒருநாள், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தனியாகப் புறப்பட்டாள், அந்த டாக்டரைப் பார்க்க. பஸ் மேட்டில் முக்கி முனகி ஏறும்போது, ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்று மிதித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஓட்டைவாயின் புருஷன். ஓட்டைவாய் யார் என்றால், வரிசையில் நர்ஸிடம் உண்மையைச் சொன்ன ஒரே பெண்பிள்ளை. கல்யாணமாகி வந்த புதிது, ஆமாங்க, ராத்திரியெல்லாம் இருமுறாரு என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷனை மேலே ஏற்றினார்கள், கூலி போனது, வீடு போனது. காட்டிக்கொடுத்தவள் என்று வரிசையே அவளோடு பேச்சை முறித்துக்கொண்டது. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போன அன்றைக்கு ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. துருத்தி வீட்டுக் கதவும்தான். அந்த ஆள் துருத்தியோடு சேர்ந்து குழியில் இறங்கியவர், ஒரே வயசு. இப்போது மேட்டில் சைக்கிள் மிதிக்கிறார். இறங்கித் தள்ளக்கூட இல்லை. வார் கழலவில்லை. பஸ் அவரைத் தாண்டிப்போன பிறகும் அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணை என்ன பேச்சுப் பேசினோம் என்று நினைத்தபோது அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்காலியை, மேஜையை, ஆவி பிடிக்க வைத்ததை, செருப்பு வாரை. வாரைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏம்மா அன்னைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். அவள் அழுதாள். அவர் நல்ல மனுஷர். முடிவை மாற்ற ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். வீட்டுக்கு ஒரு அதிகாரி வந்து நேரில் பார்ப்பார். சொல்லிவிட்டு வர மாட்டார். வீட்டுக்காரரை விசாரிப்பார், அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். அவர் எழுதுவதுதான் கடைசி, அதற்கு மேல் போக வழி கிடையாது.

அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துக்குத் தெரியாத இருமலா? ஒற்றைச் செங்கல் சுவராயிற்றே.

வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் மனிதர் தினமும் சவரம் பண்ணிக்கொண்டு வாசலில் விறைப்பாக நிற்பார். பக்கத்து வீடுகளிலும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? ஆபீஸுக்குப் போய் என் புருஷனின் இருமலைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன் என்றா? வரிசைக்கு இன்னொரு ஓட்டைவாய் கிடைத்தாள் என்று ஆகிவிடும். அடுத்த வீட்டு அக்காவிடம் மட்டும் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனாள். அக்கா சட்டி நிறைய வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் பேசினாள். இவளும் கூட உட்கார்ந்து உரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினாள். அதிகாரி வந்து கண்ணால் பார்த்தால் போதும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள். இப்போதெல்லாம் தினமும் ஆவி பிடிக்க வைத்துக்கொண்டிருந்தவள் அதை நிறுத்தினாள். முதுகில் தட்டுவதைப் பாதியாகக் குறைத்தாள். என்ன கொடுமை பாருங்கள், புருஷனுக்கு மூச்சு வேண்டும் என்பதற்காக அவர் மூச்சைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஏக்கமாகத் திரும்பி முதுகைக் காட்டும்போது, எனக்குக் கை வலிக்கிறது என்று பொய் சொன்னாள். அவரும், பாவம், அவள் கையைப் பிடித்துவிட்டார்.

அதிகாரி வந்தது அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அவளுக்குச் சத்தம் கேட்டது. ரேடியோ. ஒன்று இல்லை, வரிசை முழுக்க. நர்ஸ் வருவது நின்று வருஷக்கணக்காகிறது. இத்தனை ரேடியோ ஒரே நேரத்தில் அலறி எத்தனையோ நாளாயிற்று. அவள் நடையை எட்டிப் போட்டாள். எதிரே ஒரு ஜீப் அவளைத் தாண்டிப் போனது. முன்சீட்டில் ஒருவர் மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போனார். அது யார் என்று அவளுக்கு உறைப்பதற்குள் வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது.

அடுத்த வீட்டு அக்கா வாசலிலேயே காத்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "கவலைப்படாத தங்கச்சி. கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து உன் வீட்டுக்காரரப் பத்தித் துருவித் துருவிக் கேட்டான். நாங்க விடுவமா?"

ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள். தினமும் காலையில் மேட்டைச் சுற்றி நடப்பாரே என்று ஒருத்தி சொன்னாளாம். எங்க வீட்டுத் தண்ணிக் குடத்தைக் கூட அவர்தான் தூக்கிக் கொடுப்பார் என்றாளாம் இன்னொருத்தி. இருமலா, அப்படியென்றால் என்ன என்று கேட்டாளாம் மூன்றாமவள். அதைச் சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு தினமும் அந்த இருமலில் விழித்துக்கொள்கிற அக்கா, அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். "ராத்திரி எப்படித் தூங்குறார்னு கேட்டான். நல்லாத் தூங்குவாருங்க, குறட்டைச் சத்தத்துல எங்களுக்குத்தான் தூக்கம் போகுதுன்னுட்டேன்."

அவளுக்கு அக்காவின் முகத்தில் அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. எந்த வாயால் திட்டுவாள்? அதே சொல்லை, அதே குரலில், டாக்டர் அறையில் உட்கார்ந்து சொன்னவள் அவள்தானே. அத்தனை பேரும் அன்பால் செய்தார்கள். அவளும் அன்பால்தான் செய்தாள். அந்த அன்பெல்லாம் சேர்ந்து, ஜீப்பில் ஏறி, திருப்பம் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே போனாள். துருத்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையணை இரண்டும் கட்டிலுக்கு அடியில் போயிருந்தன. முகம் கறுத்து, உதடு நீலம் பாரித்து, இரண்டு கையும் நாற்காலிச் சட்டத்தை நெரித்துக்கொண்டிருந்தன. இருமலை அடக்கித் தம் கட்டியிருந்தார். அந்த மனிதன் வாசலில் நின்று எட்டிப் பார்த்து விசாரித்தபோதும், தலையை மட்டும் ஆட்டிவிட்டு அப்படியே அடக்கியிருந்திருக்கிறார்.

"போயிட்டானா?" என்று கண்ணால்தான் கேட்டார்.

"போயிட்டாரு" என்றாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்தான்போல. ஒரு இருமல்கூட விடல" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, அத்தனை நேரம் அடைத்து வைத்தது உடைத்துக்கொண்டு வந்தது. அவள் ஓடிப்போய் அவரைத் தாங்கினாள். கையைக் குவித்து முதுகில் தட்டினாள், பழைய வேகத்தில், மனசாரத் தட்டினாள். அந்த இருமலுக்கு நடுவிலும் அவருடைய ஒரு கை ஜன்னலைக் காட்டியது, சாத்து, சாத்து என்று.

அவள் ஜன்னலுக்குப் போனாள். சாத்தவில்லை. பாதி திறந்திருந்த கதவை முழுக்கத் தள்ளித் திறந்தாள். தலையை வெளியே நீட்டி, "அக்கா, ரேடியோவ நிறுத்துங்க. எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, அக்கா உடனே உள்ளே போனாள். ஒவ்வொன்றாக ரேடியோக்கள் ஓய்ந்தன.

அவர் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் வந்து அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"இருமுங்க. சத்தமாவே இருமுங்க."

இருமினார். வரிசையின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் கேட்டது. வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கேட்க வேண்டிய ஆள்தான் போய்விட்டிருந்தார். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையணைகளை எடுத்துத் தூசி தட்டி, திரும்ப மேஜைமேல் வைத்தாள்.